பழைய பிரிசிஷன் பேஸும் 15 அங்குல காம்போ ஆம்ப்பும்: மறுபடி போய்ப் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிப்பது?

நாலுதந்தி:

வணக்கம். பழைய பிரிசிஷன் பேஸ் (நான்கு தந்தி பேஸ் கிட்டார்) ஒன்றும், 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள ட்ரான்சிஸ்டர் காம்போ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்றும் சேர்த்தே விற்பனைக்கு வந்திருக்கின்றன. தனித்தனியாகத் தர மாட்டாராம். பேஸ் 1978ஆம் ஆண்டு ஃபெண்டர் என்கிறார். ஹெட்ஸ்டாக்கில் (கழுத்தின் தலைப்பகுதி) எஸ்8 என்று தொடங்கும் சீரியல் எண் இருக்கிறது. முதல் தடவை பார்த்ததில் கண்ணில் பட்டவை:

– 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஈ தந்தி 4 மி.மீ.க்கு மேல் தூக்கி நிற்கிறது.
– ஜி தந்தியில் 6ஆம் ஃப்ரெட் மட்டும் மீட்டியதும் அடங்கிவிடுகிறது. பக்கத்து ஃப்ரெட்கள் நன்றாக நீள்கின்றன.
– கழுத்தைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று எவ்வளவு முறுக்கினாலும் சும்மா சுற்றுகிறது.
– சேடில் (உடலில் உள்ள பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் துண்டு) ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துவிட்டன.
– வால்யூமைத் திருகினால் கரகரப்பு. ஒலி மெலிந்து, அடிக்கனம் இல்லாமல் வருகிறது. இரைச்சலும் அதிகம்.
– ஆம்ப்பில் தாழ்ந்த ஈ வாசித்தால் எங்கோ தடதடக்கிறது. சில சமயம் சத்தம் பாதியாகக் குறைந்து, தானே திரும்பி வருகிறது.

இன்னொரு முறை போகலாம், திறந்து பார்க்கவும் விடுவார். மல்டிமீட்டர் இருக்கிறது. இதில் எது சரிசெய்யக்கூடியது, எதைக் கண்டால் எழுந்து வந்துவிட வேண்டும்?


மரத்தூள்:

கழுத்திலிருந்து தொடங்குங்கள். நீங்கள் எழுதிய ஆறு குறைகளில் பாதி, கழற்றி மாற்றக்கூடிய சாமான்களில் இருக்கின்றன. பேஸ் கழுத்து அப்படியில்லை. 34 அங்குல நீளத்துக்கு 45–105 செட் (தந்தித் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) போட்டால் நான்கு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுவை. அதைப் பல பத்தாண்டுகள் தாங்கிய மரம் எப்படி நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

தந்தியைச் சரியான சுருதிக்கு ஏற்றிய பிறகுதான் எதையும் அளக்க வேண்டும். தளர்ந்த தந்தியில் எல்லாக் கழுத்தும் நேராகத்தான் தெரியும். ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுபட்ட தந்தி நேர்கோடு என்பதால் அதையே அடிக்கோலாக வைத்துக்கொண்டு, 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அந்தக் கால பிரிசிஷனுக்கு ஃப்ரெட்போர்டு வளைவு 7.25 அங்குல ஆரம், அதற்கு 0.35 மி.மீ. பக்கம் இருந்தால் சரி. ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் கிட்டாரின் 13 அளவு முதல் தந்தித் துண்டு போதும், அது 0.33 மி.மீ. தடிமன். அது உரசியும் உரசாமலும் நுழைய வேண்டும்.

உங்கள் 4 மி.மீ. உயரத்துக்கு மூன்று காரணம் இருக்கலாம்: கழுத்து முன்பக்கம் வளைந்திருப்பது, சேடில் தேவையில்லாமல் ஏறியிருப்பது, கழுத்து உட்காரும் கோணம் தப்பியிருப்பது. மேலே சொன்ன அளவு 0.35க்குப் பக்கத்தில் வந்தால் முதல் காரணம் இல்லை. அப்போது சேடில் இன்னும் எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். அதுவும் தரையைத் தொட்டுவிட்டதென்றால் கழுத்தடியில் மெல்லிய ஆப்பு வைக்க வேண்டும். அது சாதாரண வேலை, பயப்பட ஒன்றுமில்லை.

இடைவெளி 1 மி.மீ. பக்கம் வந்தால் ட்ரஸ் ராடுக்கு (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் இரும்புத் தண்டு) வேலை இருக்கிறது. அந்தக் கால பிரிசிஷனில் ராடின் நட் கழுத்தின் அடிமுனையில், உடலுக்குள் ஒளிந்திருக்கும். தந்திகளைத் தளர்த்தி, முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ (தந்திகளைக் கழுத்தோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டினால் தந்திகள் உருவிக்கொண்டு சிக்காது. நான்கு ஸ்க்ரூவையும் எடுத்துக் கழுத்தைத் தூக்கி, நட்டைக் கடிகாரத் திசையில் கால் சுற்று மட்டும் திருகுங்கள். மறுபடி பூட்டி, சுருதி ஏற்றி, அளவு பாருங்கள். கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளப்பது வீண். கால் சுற்றிலேயே இடைவெளி குறைந்தால் ராடு உயிரோடு இருக்கிறது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் நட் சுழன்றால் ராடு முறிந்திருக்கலாம் அல்லது மரை போயிருக்கலாம். கல்லைப் போல அசையாமல் நின்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். அந்த இடத்தில் உடைத்தால் விற்பவருக்கும் உங்களுக்கும் வழக்குத்தான்.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, ஒரே மாதிரியான இரண்டு நேரான குச்சிகளை முதல் ஃப்ரெட் மேலும் கடைசி ஃப்ரெட் மேலும் குறுக்காக வையுங்கள். அடிமுனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டும் இணையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் லேசாக விலகினால் ஃப்ரெட் இழைப்பில் (ஃப்ரெட்களை ஒரே மட்டத்துக்கு அராவுவது) சரிக்கட்டலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் முறுக்கு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ட்ரஸ் ராடு நீளவாக்கு வளைவை மட்டும்தான் திருத்தும்.

கடைசி ஐந்தாறு ஃப்ரெட்கள் சறுக்குமேடை போல மேலே எழும்பியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தந்தி உயரத்தைக் கீழே கொண்டுவந்த பிறகுதான் இது தொல்லை கொடுக்கும். இப்போது 4 மி.மீ. உயரத்தில் எல்லாம் சுத்தமாக ஒலிக்கும். ஃப்ரெட் உயரத்தைக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதிதில் 1.1 மி.மீ. பக்கம் இருக்கும். தேய்ந்த பள்ளத்திலும் 0.7 மிச்சமிருந்தால் ஒரு முறை இழைக்கலாம். அதற்குக் கீழே போனால் ஃப்ரெட் மாற்றும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

ஜி தந்தி 6ஆம் ஃப்ரெட் விஷயம்: இந்த வகைக் கழுத்துகளில் 5க்கும் 7க்கும் நடுவே ஜி தந்தியில் இப்படி ஒரு செத்த இடம் இருப்பது சகஜம். கழுத்து தானாக அதிர விரும்பும் அலைவரிசையும் அந்தச் சுரமும் ஒன்றாகிவிடுவதால், தந்தியின் ஆற்றலைக் கழுத்து குடித்துவிடுகிறது. உறுதிப்படுத்த, ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன இரும்புக் கிளாம்ப் மாட்டி அதே சுரத்தை மீட்டுங்கள். செத்த இடம் ஒரு ஃப்ரெட் கீழே நகர்ந்தால் காரணம் அதுவேதான். இதை செட்டப்பால் (வளைவு, உயரம் சரிக்கட்டும் வேலை) தீர்க்க முடியாது, நகர்த்த மட்டும் முடியும். கிளாம்ப் போட்டும் மாறாமல் ஃப்ரெட்டில் பட்டுச் சடசடக்கும் ஓசை கேட்டால் அது தளர்ந்த அல்லது எழும்பிய ஃப்ரெட். அது திருத்தக்கூடியது.


ஓம்விதி:

எதையும் திறப்பதற்கு முன் ஒரு சோதனை. பேஸில் சாதாரண கிட்டார் கேபிளைச் செருகுங்கள், மறுமுனையை ஆம்ப்பில் செருக வேண்டாம். வால்யூமும் டோனும் முழுக்கத் திறந்திருக்கட்டும். மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, பிளக்கின் நுனியிலும் தண்டிலும் தொடுங்கள்.

பிரிசிஷனின் பிளவுபட்ட பிக்கப் (தந்தி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்; 1957 முதல் இதுதான் வடிவம்) தொடராக இணைந்த இரண்டு சுருள்கள், சேர்த்து 10, 11 கிலோ ஓம். அதற்கு இணையாக 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (திருகும் மாறுதடை) இருப்பதால் மீட்டரில் 10 பக்கம் காட்டும். டோன் கெப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தை விடாது, அதனால் டோன் பாட் கணக்கில் வராது. மீட்டர் எல்லை தாண்டினால் 2 மெகா ஓமுக்கு மாற்றுங்கள். 200 முதல் 300 கிலோ ஓமுக்குள் ஏதாவது வந்தால் நீங்கள் பார்ப்பது பிக்கப்பை அல்ல, வெறும் பாட்டை. அதாவது சுருள் பாதை எங்கோ அறுந்திருக்கிறது.

நீங்கள் எழுதிய “மெலிந்த ஒலி, அடிக்கனம் இல்லை, இரைச்சல்” மூன்றும் சேர்ந்து வந்ததால்தான் இதைச் சொல்கிறேன். தொடர் இணைப்பில் ஒரு சுருள் அறுந்தாலும் ஒலி முழுக்க நின்றுவிடாது. அறுந்த முனைகளுக்கு நடுவே உள்ள சிறு கெப்பாசிட்டன்ஸ் வழியாக உயர் அலைவரிசை மட்டும் கசியும். அடிக்கனம் போய்விடும், இரைச்சல் மட்டும் மிஞ்சும். இரண்டு பாதியும் ஒழுங்காக இருந்தால் பிரிசிஷன் இரைச்சலைத் தானே ரத்து செய்யும். இரைகிற பிரிசிஷன் என்றாலே முதல் சந்தேகம் பிக்கப் மேல்தான்.

எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். செப்புக் கம்பியின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் மாறும். 10 டிகிரி வித்தியாசத்தில் அதே பிக்கப் 10.2ம் காட்டும், 10.6ம் காட்டும்.

ஜாஸ் பேஸ் பார்ப்பவர்களுக்கும் ஒரு வரி: இரண்டு வால்யூமும் திறந்திருந்தால் 3.5 முதல் 4 கிலோ ஓம், ஒன்றை மூடினால் 7 பக்கம். உள்ளே பேட்டரி வைத்த ஆக்டிவ் பேஸுக்கு இந்த வழி செல்லாது, ப்ரீஆம்ப்பின் வெளியீட்டைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். ஆக்டிவில் பாட் கரகரத்து, கிளீனர் அடித்த பிறகும் போகவில்லை என்றால் பாட்டை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலும் கப்ளிங் கெப்பாசிட்டர் (நேர்மின்னோட்டத்தைத் தடுக்க வைத்தது) கசிந்து பாட்டில் நேர்மின்னழுத்தம் ஏறியிருக்கும்.

உங்களுடையது பாசிவ் (பேட்டரி இல்லாதது), எனவே கரகரப்பு வெறும் அழுக்குதான். பாட்டின் கால்கள் இருக்கும் பக்கத்து இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் ஒரு சின்னப் பீச்சல், இருபது முப்பது தடவை முழுத் திருப்பு. சமையலறை எண்ணெயும் பூட்டுக்குப் போடும் எண்ணெயும் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கிரவுண்டுக்கு: பிரிட்ஜுக்கும் ஜாக்கின் தண்டுத் தொடர்புக்கும் நடுவே 1 ஓமுக்குள் வர வேண்டும். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைந்தால் நல்லது. தொட்டால் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன.


கோன்கிழிசல்:

ஆம்ப் பத்தி நான் சொல்றேன் நண்பரே. ரெண்டு புகாருக்கும் தனித்தனிக் காரணம் இருக்கு, ஒண்ணாக் குழப்பிக்காதீங்க.

சத்தம் குறைஞ்சு திரும்ப வருதுன்னீங்களே, பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக் இருக்கான்னு பாருங்க. ரிட்டர்ன் ஜாக்குக்குள்ள ஒரு ஸ்விட்ச் தகடு இருக்கும். எதுவும் செருகாதப்போ சிக்னல் அது வழியாத்தான் போகும். வருஷக்கணக்கா யாரும் தொடாம இருந்தா அந்தத் தகடு கறுத்துப்போய் தொடர்பு விட்டு விட்டு வரும். ஒரு சின்ன பேட்ச் கேபிளை சென்ட்ல இருந்து ரிட்டர்னுக்குப் போடுங்க. சத்தம் நிலையா நின்னுச்சுன்னா ஆம்ப் நல்லா இருக்கு, ஜாக்கைத் துடைச்சாப் போதும். ஆம்ப் செத்துப்போச்சுன்னு பாதி விலைக்குப் போறதுல பல ஆம்ப்கள் இந்த ஜாக் கேஸ்தான்.

தடதடப்பு. தாழ்ந்த ஈ 41.2 ஹெர்ட்ஸ், ஆனா தடதடக்கிறது எந்த அலைவரிசையிலயும் இருக்கலாம். ஃபோன்ல சைன் அலை உருவாக்குற செயலி ஒண்ணு போட்டு, 40ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்துங்க. நடுத்தர சத்தம் போதும். தடதடக்கிற இடத்துல நிறுத்திட்டு, கிரில், கைப்பிடி, மூலை இரும்பு, பின்பலகை, ஸ்பீக்கர் போல்ட்னு ஒவ்வொண்ணா அழுத்துங்க. அழுத்தினா நிக்குதுன்னா அதுதான் திருடன். ஸ்க்ரூ முறுக்குறது, இல்ல நடுவுல ஃபோம் துண்டு வைக்கிறது, அவ்வளவுதான் வேலை. எதை அழுத்தினாலும் நிக்கலைன்னா ஸ்பீக்கரைப் பாருங்க.

ஆஃப் பண்ணிட்டு, அஞ்சு விரலையும் விரிச்சு கோனோட நடுவட்டத்தைச் சுத்திச் சமமா வச்சு மெதுவா உள்ள தள்ளுங்க. சத்தமே இல்லாம போய் வரணும். மண்ணுல தேய்க்கிற மாதிரி ‘சர்ர்’னு கேட்டா வாய்ஸ் காயில் காந்தத்துல உரசுது, கோன் மாத்தணும். ஓரமாத் தள்ளாதீங்க, நல்ல ஸ்பீக்கரும் உரசும். கோனைச் சுத்தி ஃபோம் விளிம்பா இருந்தா விரலால லேசாத் தொடுங்க. பொடியா உதிர்ந்தா விளிம்பு மட்டும் புதுசா ஒட்டலாம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 5.5ல இருந்து 6.5 வரைக்கும் காட்டும். 8 காட்டலையேன்னு சண்டைக்குப் போகாதீங்க, நேர்மின்தடை எப்பவும் பேரளவைவிடக் கம்மிதான்.

இன்னொண்ணு முக்கியம். ட்ரான்சிஸ்டர் ஆம்ப்புங்கிறதால ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு, வால்யூம் பூஜ்யத்துல வச்சு, ஆன் பண்ணி, அவுட்புட்ல நேர்மின்னழுத்தம் பாருங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி. வோல்ட் கணக்குல வந்தா அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிருக்கு, புது ஸ்பீக்கர் போட்டாலும் சுட்டுரும். வால்வு ஆம்ப்ல இந்த வேலையைச் செய்யாதீங்க! அதை ஸ்பீக்கர் இல்லாம ஓட்டினா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே போகும். உள்ள கையும் விடாதீங்க, பெரிய வால்வு ஆம்ப்கள்ல 700 வோல்ட் வரைக்கும் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல தங்கியிருக்கும்.

கடைசியா, அரை மணி நேரம் ஓட விடுங்க. சூடானப்புறம் வர்ற கோளாறு பத்து நிமிஷத்துல தெரியாது. வால்யூம் பூஜ்யத்துலயும் ‘ம்ம்ம்’னு சீரா இரைஞ்சா பவர் சப்ளையோட ஃபில்டர் கெப்பாசிட்டர் வயசாயிருச்சு. வால்யூமைக் கூட்டினா மட்டும் இரைஞ்சா அது பேஸ்ல இருந்தோ கேபிள்ல இருந்தோ வருது.


நாலுதந்தி:

எல்லோருக்கும் நன்றி. போய் அளந்துவிட்டேன்.

கழுத்து இடைவெளி 0.9 மி.மீ. முறுக்கு இல்லை. கழற்றிக் கால் சுற்று திருகியதில் 0.7க்கு வந்தது, இன்னும் திருகவும் இடமிருக்கிறது. ஃப்ரெட் உயரம் 0.9, தேய்ந்த இடங்களில் 0.75. கிளாம்ப் மாட்டியதும் செத்த இடம் 5ஆம் ஃப்ரெட்டுக்குப் போனது.

கேபிள் வழியாக 231 கிலோ ஓம்! பிக்கார்டைத் (உடலின் முன்பக்கத்தை மூடும் தகடு) திறந்து ஒவ்வொரு பாதியாக அளந்தேன். டி–ஜி பாதி 5.2 கிலோ ஓம். ஈ–ஏ பாதியிலும் 240க்கு மேல்தான் காட்டுகிறது. பாட்டின் முதுகில் 1377924 என்று பொறித்திருக்கிறது.

ஆம்ப்பில் பேட்ச் கேபிள் போட்டதும் சத்தம் நிலைத்தது. தடதடத்தது கைப்பிடி. ஸ்பீக்கர் 6.1 ஓம், அவுட்புட்டில் 18 மில்லிவோல்ட்.

இப்போது கேள்வி: பிக்கப்பைக் காப்பாற்ற முடியுமா? சுற்றிக்கொண்டே இருக்கும் ஸ்க்ரூ துளைக்குப் பல்குச்சியும் பசையும் போதும் என்கிறார் விற்பவர். சரியா?


ஓம்விதி:

ஈ–ஏ பாதி அறுந்திருக்கிறது, சந்தேகமே இல்லை. 5.2 காட்டிய பாதி நல்ல செய்தி, மற்றதன் இயல்பான அளவும் அதை ஒட்டியே இருந்திருக்கும்.

முதலில் அறுந்த இடம். சுருளின் கம்பி 42 கேஜ், தடிமன் ஏறக்குறைய 0.063 மி.மீ., தலைமுடி அளவு. பெரும்பாலும் அது முறிவது, அடித்தகட்டின் கண்ணியில் ஈயம் பற்றவைத்த இடத்தை ஒட்டித்தான். வியர்வை ஈரம் இறங்கிப் பச்சை பிடித்திருக்கும். இரண்டு கண்ணிகளையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளிமுனை அறுந்திருந்தால் ஒரு சுற்றை மெல்லப் பிரித்து, எனாமலை மிக நைசான உப்புத்தாளால் சுரண்டிவிட்டு, கண்ணியில் பற்றவையுங்கள். பழைய எனாமல் சூட்டில் தானாக உருகாது, சுரண்டாமல் ஈயம் ஒட்டாது. ஒன்றிரண்டு சுற்று குறைவதால் ஒலியில் எதுவும் தெரியாது. உள்முனை, அதாவது காந்தக் குச்சிகளை ஒட்டித் தொடங்கும் முனை அறுந்திருந்தால் வீட்டு வேலை இல்லை, அந்தப் பாதியை மறுபடி சுற்றக் கொடுக்க வேண்டும். சுற்றுபவரிடம் இரண்டு பாதியையும் சேர்த்தே கொடுங்கள். சுற்றும் திசையையும் காந்த முனையையும் அவர் நல்ல பாதியைப் பார்த்துத்தான் ஒப்பிட முடியும்.

திரும்பப் பூட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒரு பாதியின் இரண்டு வயரும் இடம் மாறிப்போனாலும் பேஸ் நன்றாகத்தான் ஒலிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு பாதியும் தனித் தந்திகளுக்கானது. இரைச்சல் ரத்தாவது மட்டும் போய்விடும். ஒலி சரி, ஆனால் இன்னும் இரைகிறது என்றால் ஒரு பாதியின் வயர்களை மாற்றிப் பாருங்கள்.

கெப்பாசிட்டரை ‘பழசாகிவிட்டது’ என்று மாற்றாதீர்கள். 0.05 மைக்ரோ ஃபாரட் செராமிக் வட்டு அவ்வளவு சீக்கிரம் கெடும் சாமான் இல்லை.


மரத்தூள்:

0.9லிருந்து கால் சுற்றில் 0.7 என்றால் ராடு வேலை செய்கிறது, இந்தக் கழுத்தை வாங்கலாம். இன்னும் கால் சுற்று, பிறகு ஒரு நாள் காத்திருப்பு. மரம் உடனே முழுக்க நகராது. இன்றே 0.35 வரை முறுக்கினால் நாளை பின்பக்கமாக வளைந்து முதல் ஐந்து ஃப்ரெட்டும் சலசலக்கும். நட் கடைசிவரை போயும் போதவில்லை என்றால், அதைக் கழற்றி ஒரு வாஷர் போட்டு மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பல்குச்சி: ஸ்ட்ராப் பட்டன், பிக்கார்ட், ட்யூனர் ஸ்க்ரூக்களுக்குத் தாராளமாகச் செய்யலாம். கழுத்து ஸ்க்ரூவுக்கு வேண்டாம். அங்கே இழுவை அதிகம், பல்குச்சி மரமோ மென்மை. துளையை 8 மி.மீ.க்குச் சுத்தமாக விரித்து, மேப்பிள் செருகி வைத்து மரப்பசையால் ஒட்டுங்கள். துளையிடும்போது துளைக்கோலில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் ஃப்ரெட்போர்டு வழியாக வெளியே வந்துவிடும், ஜாக்கிரதை. கடையில் கிடைக்கும் உருளைக் குச்சியில் நார் நீளவாக்கில் ஓடும், ஸ்க்ரூவின் பிடி குறையும். பலகையிலிருந்து குறுக்கு நாரில் வெட்டியெடுத்த செருகி இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ஒரு நாள் காயவிட்டு 3.2 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூ மரையில் மெழுகு தடவி இறக்குங்கள்.

இன்னொன்று: பேஸின் உடலில் உள்ள துளைகளில் ஸ்க்ரூ கையால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். உடல் மரத்திலும் மரை கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் கழுத்து உடலோடு ஒட்டாது. பூட்டி முடித்து, சுருதி ஏற்றிய பிறகு நான்கு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் கழுத்து தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. உடனே இறுக்கிவிடுங்கள்.

துரு சேடில் ஸ்க்ரூக்களை இப்போதே திருகாதீர்கள். பிரிட்ஜைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். ஆலன் கீ விஷயத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். அமெரிக்கத் தயாரிப்பில் அங்குல அளவு. 1/16 அங்குலம் என்பது 1.59 மி.மீ., கையில் இருக்கிற 1.5 கீ உள்ளே போகும், ஆனால் முதல் அழுத்தத்திலேயே மூலைகளை வழித்துவிடும். 1/8 அங்குல ட்ரஸ் ராடு நட் உள்ள புதிய பேஸ்களில் 3 மி.மீ. கீ செய்யும் நாசமும் இதே கணக்கு.


பழசுபார்வை:

ஆண்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. பாட் எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து 79 ஆண்டு, 24 வாரம். அதாவது அந்தப் பாட் 1979ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்தது. அது தொழிற்சாலையில் வைத்த பாட் என்றால் பேஸ் அதற்கு முன்னால் முடிந்திருக்க வாய்ப்பில்லை. 1978 என்று விற்பவர் சொல்வது அப்படியே நிற்காது, ஆனால் ஏமாற்று என்றும் ஆகாது. எஸ்8 எண்கள் அடுத்த ஆண்டு வரை நீளக்கூடியவை. பாட் தேதி கீழ் எல்லை மட்டும்தான். ஃபெண்டர் 1966இல் பாட்களை மொத்தமாக வாங்கி வைத்ததால் 1960களின் கடைசி வரை வந்த கருவிகளில்கூட 66ஆம் ஆண்டுப் பாட்கள் இருக்கின்றன.

பாட் பின்னால் மாற்றியதா என்பதை எண் சொல்லாது, ஈயம்தான் சொல்லும். பாட்டின் முதுகில் ஒரே தரமான, மங்கிய ஈயம், துணி உறை அல்லது பழைய பிளாஸ்டிக் வயர், எல்லா இணைப்பும் ஒரே கை வேலை என்றால் தொடாதது. ஒன்று மட்டும் பளபளத்தால், அல்லது பழைய ஈயத்தின் மேல் புது உருண்டை உட்கார்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். அந்தப் பிக்கப்பைச் சரிசெய்யும்போதும் பாட்டின் பக்கத்து இணைப்புகளை இளக்காதீர்கள், வயரைச் சுருள் பக்கத்திலேயே கழற்றுங்கள். வேறு பிக்கப் வாங்கிப் போட்டாலும் பழையதைப் பையில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். மறுபடி விற்கும்போது அறுந்த ஒரிஜினலுக்கும் மதிப்பு இருக்கிறது.

சீரியலை மட்டும் நம்பி வாங்குபவர்களுக்கு: 1976 வரை எண் கழுத்துத் தகட்டில் இருந்தது, தகட்டை எந்த உடலிலும் திருகலாம். அதற்குப் பின் எண் ஹெட்ஸ்டாக்கில் இருப்பதால் அது கழுத்துக்கு மட்டும்தான் சாட்சி. உடல் வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம். கழுத்துக் குழியின் ஓரமும் கழுத்தும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா, பிக்கார்ட் துளைகள் பழைய துளைகளின் மேலேயே விழுகின்றனவா என்று பாருங்கள்.

துடைப்பதற்கு நாஃப்தா, அதாவது லைட்டரில் ஊற்றும் திரவம் போதும். அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டுக்கு 0000 ஸ்டீல் வூல் போடுபவர்கள் முதலில் பிக்கப்பை டேப்பால் முழுக்க மூடுங்கள். இரும்புத் தூளைக் காந்தம் இழுத்துக்கொண்டால் எடுக்கவே முடியாது. லாக்கர் பூசிய மேப்பிள் என்றால் எண்ணெயும் வேண்டாம், ஸ்டீல் வூலும் வேண்டாம், ஈரத்துணி போதும்.


நாலுதந்தி:

ஒரிஜினல் ஈயம்தான் போலிருக்கிறது, எல்லாமே ஒரே மாதிரி மங்கலாக இருந்தது. வாங்கிவிடப் போகிறேன். செட்டப்புக்குப் புதுத் தந்தி எந்த அளவில் போடுவது? உயரம் எங்கே நிறுத்துவது?


மரத்தூள்:

45–65–85–105, நீண்ட ஸ்கேல் செட். கழுத்து இந்த இழுவைக்குத்தான் இப்போது அளந்திருக்கிறது, தடிமன் மாற்றினால் ராடை மறுபடி பார்க்க வேண்டும். 7.25 ஆரத்துக்கு 17ஆம் ஃப்ரெட்டில் ஈ 2.8 மி.மீ., ஜி 2.4 மி.மீ. என்று தொடங்குங்கள். இதைவிடக் கீழே போக ஃப்ரெட் இழைப்பு தேவைப்படும். பிக்கப்பின் உயரம், தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திய நிலையில் ஈ பக்கம் 3 மி.மீ.; ரொம்ப ஒட்டினால் காந்தம் தந்தியை இழுத்து சுருதி தள்ளாடும். 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். பழைய தந்தியில் இதைச் செய்யாதீர்கள், தேய்ந்த தந்தி பொய் சொல்லும்.

ட்யூனர் தூணைத் தாண்டி 10, 12 செ.மீ. விட்டு, வெட்டும் இடத்துக்கு முன் முதலில் செங்குத்தாக மடக்கிவிட்டு, பிறகு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, ஈ தந்தி மாட்டிய அன்றே செத்த தந்தி போல ஒலிக்கும்.